காண்ட்ரா நடனத்தில் அழைப்பு கொடுப்பதும், சொந்தமாக ஒரு நடனம் அமைப்பதும்

கொஞ்ச காலமாகக் காண்ட்ரா ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், மேடையில் மைக் பிடித்து நிற்கிற அழைப்பாளர் சொல்கிற நாலு வார்த்தைக்கு நூறு பேர் ஒரே நேரத்தில் திரும்புவதைப் பார்த்து "இதை நாமும் செய்து பார்க்கலாமா" என்று தோன்றியிருக்கிறது என்றால், இது உங்களுக்குத்தான். ஆடியே பார்க்காதவர்களும் படிக்கலாம், ஆனால் முதலில் ஒரு சாயங்காலம் போய் ஆடிவிட்டு வந்து படித்தால் பாதி விஷயம் உடம்பிலேயே புரிந்திருக்கும்.

காண்ட்ரா அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து கிராமங்களில் தங்கிப் பிழைத்த நடனம். வேர் இங்கிலாந்தில், 1651-இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் அச்சிட்ட நாட்டுப்புற நடனத் தொகுப்பிலேயே இந்த நீள வரிசை நடனங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்து மெருகேற்றினார்கள், குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுபோனார்கள், பிறகு நகரங்கள் வேறு நடனங்களுக்குத் தாவியபோது நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட் பக்கத்து ஊர் மண்டபங்களில் மட்டும் இது விடாமல் நடந்தது. ரால்ஃப் பேஜ் மாதிரி அழைப்பாளர்கள் அங்கே அதைக் காப்பாற்றி வைத்தார்கள். 1960-களில், 70-களில் டட்லி லாஃப்மன் போன்ற அழைப்பாளர்களால் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இன்று அமெரிக்கா முழுக்க நடக்கிறது. மேடையில் நேரடியாக வாசிக்கிற இசைக்குழு, பெரும்பாலும் ஃபிடில், பியானோ, கிட்டார். கூடவே நடனத்தைச் சொல்லிக் கொடுக்கிற ஒருவர். அவரை ஆங்கிலத்தில் காலர் என்பார்கள். தமிழில் அது சட்டைக்குப் போய்விடுகிறது, கால் என்றால் பாதத்துக்குப் போய்விடுகிறது, அதனால் நான் அழைப்பாளர், அழைப்பு என்றே எழுதுகிறேன். நகர்வுகளின் பெயர்களை மட்டும் மண்டபத்தில் சொல்வதுபோலவே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் மைக்கில் நீங்கள் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

அடிப்படை அமைப்பு இது. இரண்டு நீள வரிசை, எதிரெதிரே. மேடைப் பக்கத்திலிருந்து நாலு நாலு பேராகக் கைகோக்கிறார்கள், அதற்கு "ஹேண்ட்ஸ் ஃபோர்" என்று பெயர். ஒவ்வொரு நால்வரிலும் இரண்டு ஜோடி: மேடைக்கு அருகில் இருப்பவர்கள் ஒன்றாம் ஜோடி, தள்ளி இருப்பவர்கள் இரண்டாம் ஜோடி. உங்களோடு ஜோடியாக வந்தவர் பார்ட்னர், எதிர் ஜோடியில் நீங்கள் சேர்ந்து ஆடுகிறவர் நெய்பர். ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். முன்பு ஜென்ட்ஸ், லேடீஸ் என்றார்கள், இப்போது பல இடங்களில் பறவைப் பெயர்தான், யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் ஆடலாம் என்பதற்காக. ஒரு சுற்று முடியும்போது ஒன்றாம் ஜோடி ஒரு படி கீழே, அதாவது மேடையை விட்டுத் தள்ளிப் போயிருக்கும், இரண்டாம் ஜோடி ஒரு படி மேலே, அதாவது மேடைப் பக்கம் வந்திருக்கும், எல்லோருக்கும் எதிரில் புது நெய்பர். அந்த நகர்தல்தான் புரோகிரஷன், அது இல்லாவிட்டால் காண்ட்ராவே இல்லை.

இனி, 64. இந்த எண்ணை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஒரு மெட்டில் ஏ பகுதி இரண்டு தடவை, பி பகுதி இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 16 கவுண்ட், அதாவது 16 தாள அடி. மொத்தம் 64. வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 110-இலிருந்து 120-க்குள், அதாவது ஒரு சுற்று சுமார் 33 விநாடி. ஒன்பது நிமிடம் ஆடினால் பதினாறு சுற்று. அந்த 64-ஐ எட்டு எட்டாக உடைத்துக் காதில் கேட்கப் பழகுங்கள், வீட்டில் ஏதாவது ரீல் (இந்த நடனத்துக்கு வாசிக்கிற ஒருவகை மெட்டு) போட்டுவிட்டு ஒவ்வொரு எட்டின் தொடக்கத்திலும் மேஜையைத் தட்டுங்கள், பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரோடாவது பேசிக்கொண்டே தட்டிப் பாருங்கள். பேசும்போதும் எட்டு தவறாமல் விழுகிறது என்றால் நீங்கள் தயார். மைக்கில் நடக்கப்போவது அதேதான், வாய் ஒன்று சொல்லும், காது வேறொன்றை எண்ணும்.

அழைப்பு எப்போது விழ வேண்டும்

புதிதாக வருகிற எல்லோரும் தவறுகிற இடம் இது, நானும் முதல் தடவை இங்கேதான் தவறினேன். ஸ்விங், அதாவது இருவர் பிடித்துக்கொண்டு சுழல்கிற நகர்வு, தொடங்குகிற நொடியில் "ஸ்விங்" என்றேன். இசையோடு அழகாகச் சேர்ந்து விழுந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஆடுகிறவருக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து, புரிந்து, கால் நகர இரண்டு கவுண்ட் ஆகிறது. அடுத்த நகர்வில் இன்னும் இரண்டு. மூன்றாவது சுற்றில் வரிசையின் கடைசியில் இருந்தவர்கள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள், இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வரிசையின் கடைசியில் அன்றுதான் முதன்முதலாக வந்த ஒருவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அழைப்பு முந்தைய நகர்வின் கடைசி நாலு கவுண்டில் விழ வேண்டும், ஆடுகிறவர் எடுப்பில் கால் வைக்கும்போது உங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, சர்க்கிள் லெஃப்ட் த்ரீ குவார்ட்டர்ஸ்", அடுத்த ஒன்றில் எல்லோரும் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். முதல் இரண்டு மூன்று சுற்று இப்படி முழுசாகச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வார்த்தையைக் குறையுங்கள். "சர்க்கிள் லெஃப்ட் த்ரீ குவார்ட்டர்ஸ்" என்பது "சர்க்கிள்" ஆகும், அப்புறம் அதுவும் வேண்டாம். ஆறாவது சுற்று வாக்கில் நீங்கள் பேசாமல் நின்று பார்க்கலாம். கூட்டம் தடுமாறினால் மட்டும் அந்த ஒரு இடத்தில் திரும்ப உள்ளே வாருங்கள். பேசிக்கொண்டே இருக்கும் அழைப்பாளரின் குரலுக்குப் பின்னால் ஃபிடில் மறைந்துபோகும், மக்கள் காசு கொடுத்து வந்தது அதைக் கேட்கத்தான்.

வார்த்தைகளின் வரிசையும் முக்கியம். யார், எந்தக் கை, என்ன, எவ்வளவு தூரம். "நெய்பர், ரைட் ஹேண்ட், அலமாண்ட், ஒன்ஸ் அண்ட் எ ஹாஃப்". அலமாண்ட் என்றால் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் சுற்றுவது. 'யார்' முதலில் வந்தால்தான் ஆடுகிறவர் கண்ணைத் திருப்ப முடியும், கண் போன பக்கம் உடம்பு போகும். நகர்வின் பெயர் தெரியாதவர்கூட 'நெய்பர்' என்பதைக் கேட்டுத் திரும்பிவிட்டால் எதிரில் இருப்பவர் கையை நீட்டி இழுத்துக்கொள்வார், பிழைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு அழைப்பைத்தான் கொடுக்க நேரம் இருக்கிறது என்றால் "நெக்ஸ்ட் நெய்பர்" என்பதைக் கொடுங்கள்.

இசைக்கு முன்னால் நடந்து காட்டுவது

இதை வாக்-த்ரூ என்பார்கள். ஒரு தடவை, கடினமாக இருந்தால் இரண்டு தடவை. மூன்றாவது தடவை நடக்க வைத்தால் மண்டபம் குளிர்ந்துவிடும், அந்த அளவுக்குக் கடினமான நடனத்தை அன்று எடுத்திருக்கவே கூடாது. வாக்-த்ரூவில் நீங்கள் சொல்லும் வார்த்தையும் பிறகு மைக்கில் அழைக்கும் வார்த்தையும் ஒன்றாகவே இருக்கட்டும். அங்கே "எதிரில் இருப்பவரோடு முதுகுக்குப் பின்னால் சுற்றி வாருங்கள்" என்று விளக்கிவிட்டு இங்கே திடீரென்று "டோ-சி-டோ" என்றால் புதியவருக்கு இரண்டும் வேறு வேறு. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: "முடிக்கும்போது பார்ட்னர் எதிர் வரிசையில் தெரிகிறாரா?" தெரிகிறார் என்று தலையாட்டினால் அடுத்ததற்குப் போகலாம். இல்லையென்றால் எங்கே உடைந்தது என்று வரிசையைப் பாருங்கள், நடனத்தை எழுதிவைத்திருக்கிற உங்கள் அட்டையைப் பார்க்காதீர்கள்.

நிகழ்ச்சிக்கு முன் பல இடங்களில் புதியவர்களுக்கு ஒரு சின்ன வகுப்பு நடக்கும். அதில் பத்து நகர்வு சொல்லிக் கொடுக்காதீர்கள், ஸ்விங் ஒன்றைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். இருவரின் வலது பாதமும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில், இடது கால் ஸ்கூட்டரைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே, வலப்பக்கமாக, அதாவது கடிகாரம் சுற்றுகிற திசையில். உடம்பைக் கொஞ்சம் பின்னால் விட்டு, எதிரில் இருப்பவரின் எடைக்கு உங்கள் எடை சமமாக நிற்க வேண்டும், கையால் இறுக்கக் கூடாது. தலை சுற்றினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள், அது கூச்சமாக இருந்தால் காதைப் பாருங்கள், தரையைப் பார்க்காதீர்கள். முடிக்கும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம், முகம் எதிர் வரிசையைப் பார்த்து. இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று தடவை சொல்லுங்கள். புதியவர்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் ஸ்விங்கின் முடிவில்தான். சுழற்றுவது, பின்னால் சாய்ப்பது எல்லாம் இருவரும் விரும்பினால் மட்டும், வேண்டாம் என்று எப்போதும் சொல்லலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நடனத்தை அமைப்பது

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒரு சாதாரண நடனத்தைப் பிரித்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட அமைப்பில் ஏராளமான நடனங்கள் இருக்கின்றன, புதிதாக அமைப்பவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஏ1: நெய்பர் பேலன்ஸ் அண்ட் ஸ்விங் (16)
ஏ2: சர்க்கிள் லெஃப்ட் முக்கால் சுற்று (8), பார்ட்னர் ஸ்விங் (8)
பி1: லாங் லைன்ஸ், முன்னால் போய்ப் பின்னால் (8), ராபின்ஸ் செயின் (8)
பி2: லெஃப்ட் ஹேண்ட் ஸ்டார் ஒரு சுற்று (8), அடுத்த நெய்பரோடு டோ-சி-டோ (8)

பேலன்ஸ் என்றால் கைபிடித்து ஒருவரை நோக்கி ஒருவர் ஒரு அடி வந்து பின்வாங்குவது. லாங் லைன்ஸ் என்றால் இரண்டு நீள வரிசையும் கைகோத்து முன்னால் வந்து பின்னால் போவது. செயின் என்றால் ராபின்கள் இருவரும் வலது கை கொடுத்துக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்து லார்க்கோடு திரும்பி நிற்பது. ஸ்டார் என்றால் நால்வரும் நடுவில் கை சேர்த்துச் சுற்றுவது. இனி நாலு பாட்டில் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிறம் இருந்தால் நல்லது. ஒரு நிறம் ஒன்றாம் ஜோடி, இன்னொன்று இரண்டாம் ஜோடி. ராபின் மூடிகளில் ஒரு புள்ளி வையுங்கள். மேஜையின் ஒரு முனை மேடை. ஒன்றாம் ஜோடி மேடைக்கு முதுகு காட்டி நிற்கிறது, இரண்டாம் ஜோடி மேடையைப் பார்த்து நிற்கிறது, இரண்டிலும் ராபின் தன் லார்க்குக்கு வலப்பக்கம். இப்போது ஒவ்வொரு நகர்வாக நகர்த்துங்கள். நெய்பர் ஸ்விங் முடிந்ததும் நெய்பர்கள் ஒரே பக்கத்தில், பார்ட்னர்கள் எதிரெதிர்ப் பக்கத்தில். முக்கால் சுற்று சர்க்கிள் ஆனதும் பார்ட்னர்கள் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுவார்கள், ஸ்விங் தானாகக் கிடைக்கிறது. செயினில் ராபின்கள் இருவரும் பக்கம் மாறுகிறார்கள், அதோடு பாருங்கள், ஒன்றாம் ஜோடி ஏற்கெனவே கீழே வந்துவிட்டது! ஸ்டார் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் விடுகிறது, திரும்பினால் புது முகம்.

முதல் தடவை இதை மேஜைமேல் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. எல்லோரும் எல்லா நேரமும் ஆடிக்கொண்டே இருக்க, நகர்தல் எங்கே நடந்தது என்றே தெரியாமல் நடந்துவிடுகிறது.

மூடிகளை வைத்து இடம் சரிபார்க்கலாம். உடம்பை அவற்றால் சரிபார்க்க முடியாது. நான் ஒரு தடவை ஏ2-வில் சர்க்கிளை எடுத்துவிட்டு "ராபின்ஸ் அலமாண்ட் லெஃப்ட் ஒன்றரை" என்று போட்டேன். மேஜைமேல் கச்சிதமாக இருந்தது. மண்டபத்தில் ராபின்கள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கவுண்ட் தாமதம். ஏன் என்று கீழே இறங்கி ஆடிப் பார்த்ததும் புரிந்தது: ஸ்விங் முடியும்போது ராபினின் இடது கை லார்க்கிடம் இருக்கிறது, காலியாக இருப்பது வலது கை. அந்த நொடியில் இடது கையைக் கேட்டால் ஒன்றை விட்டு, உடம்பைத் திருப்பி, வேறொன்றை நீட்ட வேண்டும். "அலமாண்ட் ரைட் ஒன்றரை" என்று ஒரே வார்த்தையை மாற்றினேன், தண்ணீர் மாதிரி ஓடியது.

லார்க்குக்கு இது தலைகீழ், ஸ்விங் முடிவில் அவருக்கு இடது கைதான் காலி. அப்படியானால் "லார்க்ஸ் அலமாண்ட் லெஃப்ட் ஒன்றரை" போடலாமே என்று தோன்றும். கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூடிகளை நகர்த்திப் பாருங்கள், இந்தத் தடவை பார்ட்னர்கள் மறுபக்கத்து வரிசையில் சேருவார்கள், செயின் முடியும்போது ஒன்றாம் ஜோடி மேலேயே நிற்கும், நடனம் நகரவே நகராது. அதனால் இரண்டு சோதனையும் வேண்டும், மேஜைமேல் ஒன்று, உடம்பால் ஒன்று. நாலு நண்பர்களை வீட்டுக் கூடத்தில் நிறுத்தி ஆடவைத்துப் பாருங்கள், நீங்களும் இரண்டு பாத்திரத்திலும் மாறி மாறி ஆடுங்கள்.

ஓட்டம் என்பதற்கு எளிய விதி, ஒரு நகர்வு உங்களை எந்தப் பக்கம் தள்ளிவிடுகிறதோ அந்தப் பக்கமாகவே அடுத்தது தொடங்கட்டும், ஒரு கையைக் கொடுத்தபின் அடுத்ததற்கு மறு கை வரட்டும். கவுண்டிலும் நேர்மையாக இருங்கள். ஹே என்றால் நால்வரும் பின்னல்போல ஒருவரையொருவர் கடந்து போவது, முழு ஹே 16 கவுண்ட், பாதி ஹே 8. முழு ஹேயை 12-க்குள் திணித்தால் தாளில் பொருந்தும், மண்டபத்தில் எல்லோரும் ஓடுவார்கள்.

வரிசையின் இரு முனைகளையும் மறக்காதீர்கள். முனைக்கு வந்த ஜோடிக்கு எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு சுற்று வெளியே நிற்பார்கள், அந்த நேரத்தில் இருவரும் இடம் மாறி நின்றால்தான் திரும்ப உள்ளே வரும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம் சரியாக இருக்கும், எண்ணும் மாறும், ஒன்று இரண்டாகும். "முனையில் இருப்பவர்கள் இடம் மாறிக்கொள்ளுங்கள்" என்று வாக்-த்ரூவில் ஒரு தடவை சொன்னால் போதும். உங்கள் நடனத்தில் அடுத்த நால்வருக்குள் எட்டிப்பார்க்கிற நகர்வு இருந்தால் முனையில் நிற்பவர் நிலைமை சிக்கலாகிவிடும். முதல் நடனத்தில் அது வேண்டாம்.

பார்ட்னரோடு ஒரு ஸ்விங், நெய்பரோடு ஒரு ஸ்விங், இதைத்தான் இன்று ஆட வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோரஸ் ஜிக் மாதிரிப் பழைய நடனங்களில் ஒன்றாம் ஜோடிக்குத்தான் வேலை: வெளிப்பக்கமாகக் கீழே போய் வருவது, நடுவில் போய் வருவது, காண்ட்ரா கார்னர்ஸ் (பார்ட்னரையும் மூலைகளில் நிற்பவர்களையும் மாறி மாறிக் கைபிடித்துச் சுற்றுவது), பேலன்ஸ் அண்ட் ஸ்விங் எல்லாம் அவர்களுக்கு, இரண்டாம் ஜோடி பெரும்பாலும் நின்று உதவும். நான் இந்தப் பழையவற்றை விட்டுவிடக் கூடாது என்கிற கட்சி. ஒரு சாயங்காலத்தில் ஒன்றாவது வையுங்கள். நின்று பார்க்கிற அந்த நேரத்தில்தான் மெட்டு முழுசாகக் காதில் விழுகிறது, அடுத்து நம் முறை வரும்போது அதற்கொரு சுவை வந்துவிடுகிறது.

பெயர் வைக்கும்போது ஒரு வார்த்தை. தோளுக்குத் தோள் சுற்றி வருகிற, கை தொடாத நகர்வுக்கு முன்பு ஜிப்ஸி என்று பெயர். அது ஒரு மக்கள் கூட்டத்தை இழிவாகக் குறிக்கிற சொல் என்பதால் பலரும் விட்டுவிட்டார்கள், இப்போது "ரைட் ஷோல்டர் ரவுண்ட்" என்கிறார்கள். எந்தத் தோள் என்பதும் பெயரிலேயே இருப்பதால் அழைக்கவும் இதுவே வசதி.

இசைக்குழுவோடு

அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நடனத்துக்கும் முன் அவர்களிடம் போங்கள். "ஏ1 தொடக்கத்தில் பேலன்ஸ், பி1-இல் லாங் லைன்ஸ்" என்று சொன்னால் அவர்களே அந்த இடத்தில் மிதித்து வாசிக்கக்கூடிய மெட்டை எடுப்பார்கள். 32 பார் (ஒரு பாருக்கு இரண்டு கவுண்ட்), ஏஏபிபி என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அளவு கோணலான அழகான மெட்டுகள் இருக்கின்றன, கேட்க இனிமை, இங்கே ஆகாது. ஜிக், ரீல் என்கிற மெட்டு வகைகளில் எது வேண்டும் என்பதையும் வேகத்தையும் சொல்லுங்கள். வழக்கமான தொடக்கம் "ஃபோர் பொட்டேட்டோஸ்", ஃபிடில் நாலு முறை தாளத்தை இழுத்துக் காட்டும், மொத்தம் எட்டு கவுண்ட், உங்கள் முதல் அழைப்பு அதற்குள் விழ வேண்டும். முடிக்க மூன்று சுற்று இருக்கும்போது குழுவுக்கு மூன்று விரல் காட்டுங்கள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. பல குழுக்கள் நடுவில் மெட்டு மாற்றும், கடைசி மெட்டை எடுக்க அவர்களுக்கு இந்த முன்னறிவிப்பு தேவை.

முதல் தடவை முழுச் சாயங்காலத்தையும் ஏற்காதீர்கள். வழக்கமாக அழைக்கிறவரிடம் போய் ஒரே ஒரு நடனத்துக்கு இடம் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மூன்றாவது நாலாவது இடம் நல்லது, கூட்டம் சூடாகியிருக்கும், இன்னும் களைத்திருக்காது. மேலே எழுதிய அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நகர்வுகளைப் பெரிய எழுத்தில், எட்டு கவுண்டுக்கு ஒரு வரியாக எழுதி, ஒவ்வொரு வரியின் முனையிலும் அடுத்த அழைப்பின் வார்த்தைகளை எழுதிவையுங்கள், ஏனென்றால் நீங்கள் வாய் திறக்க வேண்டியது அந்த இடத்தில்தான். மேடை ஏறியதும் ஹேண்ட்ஸ் ஃபோர் எடுக்கச் சொல்லிவிட்டு, கடைசி நால்வர்வரை கை கோத்துவிட்டார்களா என்று பார்த்த பிறகு வாக்-த்ரூவைத் தொடங்குங்கள்.